இரண்டாவது பிரேக்

என் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்காரும் என் காலடியில். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் அப்படித்தான். கற்றுக்கொள்ள வருகிறவர் பதற்றத்தில் எதை வேண்டுமானாலும் மிதிப்பார். அவர் மிதிக்க மறந்ததை நான் மிதிக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக மிதித்துக்கொண்டிருக்கிறேன். பல் டாக்டர், பேங்க் கேஷியர், புது மாப்பிள்ளை, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்று எத்தனையோ பேர் என் வலது கால் புண்ணியத்தில் இன்றைக்கு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவராவது அதை ஒத்துக்கொள்ள வேண்டுமே! தாங்களே நிறுத்தியதாகத்தான் எல்லோரும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

என் மனைவி மட்டும் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னால், மூன்று நாள் கற்றுக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு ரவுண்டானாவில் நான் கத்திய கத்தலில் வண்டியை ஓரங்கட்டினாள். சாவியை என் மடியில் போட்டாள். பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் எங்கள் தெருக்கோடியில் இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். "அந்த மாஸ்டர் கத்தவே மாட்டார், தெரியுமா?" என்று தினமும் சாப்பிடும்போது சொல்வாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். அந்த ஆள் அவள் போட்டோவைப் பெரிதாக்கித் தன் ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டான். என் மனைவி, அவன் சுவரில்! பதினைந்து வருஷமாக நான் அந்தப் பக்கம் போவதில்லை. பால் வாங்க வேண்டுமென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சிக்னலில் நின்றபோது எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது, மாணவர்களை வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையிலும் உட்காரக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். என் வேலையை எனக்குக் கீழே இருந்த இன்னொரு மாஸ்டர் பார்க்கிறார். நான் ஆபீஸில் உட்கார்ந்து விண்ணப்பங்களை நிரப்பித் தருகிறேன். சாயங்காலம் மனைவி வந்து என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவாள். வழியெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன். அவள் நன்றாகத்தான் ஓட்டினாள், அதுதான் எரிச்சல்.

அவள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, பரிசோதிப்பது, முடிவு எழுதுவது எல்லாம் அவள்தான். கடைசியில் கையெழுத்துப் போடுவது மட்டும் வேறு ஒருவர். பத்தொன்பது வருஷமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அங்கே லேப் முழுவதையும் அவள் பொறுப்பில் விடுகிறார்களாம். தங்க ஒரு அறையும் தருகிறார்கள். திங்கட்கிழமை காலையில் மேலே ஏற வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு இறங்கி வரலாம். பஸ் நேரம் ஒத்துவராது. அவளேதான் ஓட்டிக்கொண்டு போய்வர வேண்டும். நடுவில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள்.

"சனிக்கிழமை ரெண்டு மணிக்குள்ள நேர்ல வந்து முடிவைச் சொல்லணுமாம். சரின்னா திங்கட்கிழமையே சேரணுமாம். நானே ஓட்டிப் பாக்குறேன். பதினாலு வளைவும் ஒழுங்கா ஏறிட்டேன்னா சேர்றேன். முடியலைன்னா அங்கேயே வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன். நீங்க கூட வாங்க," என்றாள்.

"நல்ல விஷயம்தானே," என்றேன். அந்த ஒரு வாரத்தில் அதை எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். எட்டுத் தடவையும் மனசாரச் சொல்லவில்லை. எங்கள் பெண் வேலை கிடைத்து வேறு தேசம் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் வருவாள், முக்கால் மணி நேரம் அம்மாவிடம் பேசுவாள், "அப்பா எப்படி இருக்கார்?" என்று அதையும் அம்மாவிடமே கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இப்போது அம்மாவும் மலைக்குப் போய்விட்டால் வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் நானும் நாயும்தான். இதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் வெளியே சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் காத்திருந்தவளிடம் எந்த வாயால் சொல்வது?

நாயின் பெயர் மேனேஜர். வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் பார்வையிடுவார், எந்த வேலையும் செய்ய மாட்டார், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் டாணென்று ஆஜராவார். அதனால் என் மனைவி வைத்த பெயர். முப்பத்திரண்டு கிலோ எடை. மரியாதை குறைத்துப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பது அவள் கட்சி. எனக்கும் இப்போது அப்படியே பழகிவிட்டது. தனியாக விட்டுவிட்டுப் போனால் தெருவே கூடும்படி ஊளையிடுவார் என்பதால் அவரும் எங்களோடு கிளம்பினார்.

அவள் கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால், ஸ்கூல் வண்டியிலேயே சனிக்கிழமை காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். வண்டியின் கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை, முன்னும் பின்னும் சிவப்பில் எல் போர்டு. "இதையெல்லாம் கழட்டிடுங்களேன், மானம் போகுது," என்றாள். கூரைப் பலகையின் போல்ட்டுகள் துருப்பிடித்து அசையவில்லை. பலகையே இருக்கும்போது எல் மட்டும் எதற்குப் போக வேண்டும் என்று விட்டுவிட்டேன். வழியில் லாரிக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் பாதி ரோட்டை ஒதுக்கிக் கொடுத்து, கும்பிடாத குறையாகத் தள்ளிப் போனார்கள். இவளுக்கு முகம் கடுகடுவென்று ஆனது. மேனேஜர் பின் இருக்கையில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாக எல்லோரையும் பார்வையிட்டுக்கொண்டு வந்தார்.

முதல் வளைவு வந்தது. அவள் ஹாரன் அடித்தாள், இரண்டாவது கியருக்கு வந்தாள், அழகாகத் திருப்ப ஆரம்பித்தாள். என் வலது கால் என்னைக் கேட்காமல் பெடலை ஒரு மிதி மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் மேனேஜர் இருக்கையிலிருந்து தடாலென்று கீழே விழுந்தார்.

"யாரு மிதிச்சது?"

"பழக்கம்," என்றேன்.

"மிதிக்காதீங்க."

இரண்டாவது வளைவிலும் மிதித்தேன். மேனேஜர் மறுபடி விழுந்தார். மூன்றாவது வளைவில் சத்தியமாக மிதிக்கக் கூடாது என்று தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படியும் மிதித்தேன். அவள் வண்டியை ஓரங்கட்டி, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஷூவைக் கழட்டுங்க. ரெண்டு காலையும் மேல தூக்கி சீட்டுல சம்மணம் போட்டு உட்காருங்க."

"என் வயசு என்ன, நான் யாரு..."

"ஐம்பத்தேழு. என் புருஷன். தூக்குங்க காலை."

சம்மணம் போட்டு, அதன் மேல் சீட் பெல்ட்டும் போட்டு உட்கார்ந்தேன். எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் கூரைப் பலகையைப் படித்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். இருபத்தாறு வருஷம் சேர்த்த பெயர் ஒரே வளைவில் போயிற்று. நாலாவது வளைவு தாண்டியதும் இடது காலில் பிடித்துக்கொண்டது. நரம்பு சுண்டி இழுக்க, ஐயோ என்று காலைக் கீழே விட்டேன். அது நேராகப் போய் பெடல் மேல் விழுந்தது. இந்த முறை மேனேஜர் விழவில்லை, முன்னெச்சரிக்கையாகக் கீழேயே படுத்திருந்தார். அதற்குப் பதிலாக, நான் கழற்றிப் பின்னால் வைத்திருந்த ஷூவுக்குள் வாந்தி எடுத்தார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அவர் வாழ்க்கையிலேயே கச்சிதமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஷூவை ஒரு பையில் கட்டி டிக்கியில் வைத்தோம். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. "மேனேஜர் சாரை முன்னாடி உங்க காலடில உட்கார வைங்க. முன்னாடி இருந்தா அவருக்கும் குமட்டாது. நீங்களும் மிதிக்க முடியாது."

மேனேஜரை இழுத்து, திணித்து, என் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைத்தோம். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு என்னையே அண்ணாந்து பார்த்தார். என் கால்கள் இரண்டும் அவருடைய இரண்டு பக்கமும் நசுங்கிக் கிடந்தன. பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அதன் பிறகு அவள் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள். மேலிருந்து இறங்கிய லாரிக்கு நின்று வழிவிட்டாள். ஒரு இடத்திலும் அவசரமில்லை, ஒரு இடத்திலும் தயக்கமில்லை. இவ்வளவு சுத்தமாகத் திருப்புகிறவர்களை என் சர்வீஸில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தெருக்கோடிக்காரன் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான், பாவி. ஏழாவது வளைவு முடிந்ததும் அவள் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். வீட்டில் அவள் பாடி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. எனக்கு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. இவள் சேர்ந்துவிடுவாள், திங்கட்கிழமையே போய்விடுவாள் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது.

ஒரு சின்னப் பாலம் வந்தது. அதைத் தாண்டியதும் மேனேஜருக்கு என் முகம் அலுத்துப்போயிற்று. எழுந்து, என் முழங்காலில் இடித்து, முழுசாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எட்டாவது வளைவில் ஏறும்போது வண்டி திணறியது.

"என்ன இது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது?" என்றாள்.

எனக்கு எஞ்சினைப் பார்க்க வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பிரேக் உரசுகிறது. குனிந்து பார்த்தேன். மேனேஜர் தன் பின்புறத்தை என் பக்கத்துப் பெடல் மேல் வாகாக வைத்து, நாற்காலியில் அமர்ந்தவராட்டம் சாய்ந்திருந்தார். முப்பத்திரண்டு கிலோவில் முக்கால்வாசி பிரேக்கின் மேல் இருந்தது.

சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"ஏத்தம் ஜாஸ்தி," என்றேன்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போதும் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். ஒன்பதாவது வளைவின் நடுவில் வண்டி நின்றுபோனது. அவள் மறுபடி கிளப்பினாள், மறுபடி நின்றது. பின்னால் ஒரு வேன் ஹாரன் மேல் ஹாரனாக அடித்து, விளக்கை விட்டு விட்டுப் போட்டது. அவள் கியரைப் போட்டுப் போட்டு எடுத்தாள். "என்ன பண்றேன் நான்? கிளட்ச் சரியாத்தானே விடறேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "முதல் கியர்லயே போ," என்றேன். அறிவுரை வேறு! பத்து, பதினொன்று. அவள் பாட்டு எப்போதோ நின்றுவிட்டது. நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைக்கக்கூட அவளால் கையை எடுக்க முடியவில்லை. நான் நாயின் முதுகைத் தடவிக்கொண்டு ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றாவது வளைவு முடிந்ததும் தீய்ந்த வாடை வந்தது. முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. ரோடு கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். நானும் காலுறையோடு இறங்கினேன். மேனேஜர் எனக்கு முன்னால் குதித்து, போய்ச் சக்கரத்தை மோந்து பார்த்தார்.

பின்னால் வந்த வேனும் நின்றது. முட்டை ஏற்றிக்கொண்டு போகும் வேன். டிரைவர் இறங்கி வந்து சக்கரத்தின் அருகே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, உதறிக்கொண்டார்.

"அம்மா, நாலு வளைவா உங்க பிரேக் லைட்டு அணையவே இல்லை. அதைச் சொல்லத்தான் அவ்வளவு ஹாரன் அடிச்சேன். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே மலை ஏறினா எப்படி?"

"நான் மிதிக்கலையே!" என்றாள்.

"புதுசா ஓட்டறவங்களுக்குத் தெரியாதும்மா. பயத்துல கால் தானா போய் அதுமேல உட்கார்ந்துக்கும்." அப்போதுதான் அவர் கூரைப் பலகையைப் பார்த்தார். "ஓ, இப்பத்தான் கத்துக்கறீங்களா?" பிறகு என்னைத் தலையிலிருந்து காலுறை வரைக்கும் பார்த்தார். "மாஸ்டர், நீங்க கவனிக்க வேணாமா? ஏத்தமா இருக்கவே தப்பிச்சீங்க. இறக்கத்துல இப்படிச் சூடாகியிருந்தா பிரேக்கே பிடிச்சிருக்காது. அரை மணி நேரம் ஆற விடுங்க. அவசரப்பட்டுத் தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க."

நான் தலையாட்டினேன். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவர் முட்டைகளுக்கு நோகாமல் வண்டியை மெதுவாக எடுத்துக்கொண்டு போனார்.

அவள் ரோட்டோரக் குட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். கீழே நாங்கள் ஏறி வந்த ரோடு வளைந்து வளைந்து தெரிந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கான காகிதங்கள் வைத்திருந்த கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கால் பிரேக்ல இருந்ததே எனக்குத் தெரியலைங்க," என்றாள். "அதான் பயமா இருக்கு. தப்பு பண்ணினா பரவாயில்லை, திருத்திக்கலாம். பண்றதே தெரியலைன்னா?"

நான் நினைத்தது நடந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும்.

"மாஸ்டர்," என்றாள். முப்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "புருஷனா சொல்ல வேணாம். மாஸ்டரா சொல்லுங்க. நான் இந்த ரோட்டுல தனியா ஓட்டலாமா, கூடாதா? நீங்க கூடாதுன்னா நான் மேல போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

கூடாது. ஒரே வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் கேட்ட கேள்வி அப்படிப்பட்ட கேள்வி. அதற்கு நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்த பையனிடமே, "நீ நடந்து போறதுதான் ஊருக்கு நல்லது," என்று சொல்லி அனுப்பியவன் நான். அவனுக்குச் சொன்ன நிஜத்தை இவளுக்குச் சொல்லாவிட்டால் நான் என்ன மாஸ்டர், என்ன புருஷன்?

"ஓட்டலாம்," என்றேன். "நீ பிரேக்கை மிதிக்கலை. மேனேஜர் மிதிச்சார்."

அவள் திரும்பி மேனேஜரைப் பார்த்தாள். அவர் வாலை ஆட்டினார்.

"பாலம் தாண்டினதும் திரும்பி உட்கார்ந்தார் இல்லையா, அப்ப பெடல் மேல உட்கார்ந்துட்டார். என் பக்கத்துப் பெடல் அழுந்தினா எல்லாச் சக்கரமும் பிடிக்கும். உன் மேல தப்பே இல்லை."

அவள் முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம்தான். "அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நாயா வந்து சாட்சி சொல்லப்போகிறது?

"அப்பவே," என்றேன்.

"அப்பவேன்னா?"

"எட்டாவது வளைவுல."

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. "ஏத்தம் ஜாஸ்தின்னு சொன்னீங்களே?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"வண்டி நின்னு நான் திண்டாடினப்போ?"

"தெரியும்."

"அந்த வேன்காரர் என்னைப் புதுசான்னு கேட்டாரே, அப்பவும் சும்மாதான் நின்னீங்க?"

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. எழுந்து சுவர் ஓரமாகப் பத்துப் பதினைந்து அடி நடந்துபோய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நாம மூணு பேரும் அந்தப் பள்ளத்துல கிடந்திருந்தா நம்ம பொண்ணுக்கு யாருங்க போன் பண்றது?"

"தப்புதான்," என்றேன். "பெரிய தப்பு."

"ஏன் பண்ணீங்க?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லத்தான் வேண்டும், வேறு வழியில்லை. "அஞ்சு மாசமா நான் ஆபீஸ்ல ஃபாரம் நிரப்பறேன், வீட்டுக்கு வரேன். செய்யறதுக்கு ஒண்ணுமில்லை. சாயங்காலம் நீ ஆபீஸ் வாசல்ல வந்து கார் நிறுத்தற சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கேன். நீ மேல போயிட்டா அஞ்சு நாளைக்கு அது கேக்காது."

"இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ போக மாட்டே."

"ஆமா. போக மாட்டேன்தான்."

"அதான் சொல்லலை."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "சொல்லவும் மாட்டீங்க, விடவும் மாட்டீங்க. நாயை விட்டு பிரேக் போடுவீங்க. அப்படித்தானே?"

"நாயை நான் உட்கார வைக்கலை. நீதானே..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

சக்கரத்தில் புகை அடங்கியிருந்தது. மேலே எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. அவள் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பக் கேக்கறேன், ஒளிவு மறைவு இல்லாம சொல்லுங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கேயே வண்டியைத் திருப்பிடறேன். அப்புறம் ஒருநாளும் குத்திக்காட்ட மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். குத்திக்காட்ட மாட்டாள். எங்கள் வீட்டுக்குத் திரும்பி, பழைய லேப்பில் யாரோ கையெழுத்துப் போடுவதற்காக எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்துவிடுவாள். சாயங்காலம் கார் சத்தமும் கேட்கும். ஏழாவது வளைவில் அவள் முணுமுணுத்த அந்தப் பாட்டு மட்டும் கேட்காது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மணி பன்னிரண்டே கால். இன்னும் மூணு வளைவு இருக்கு," என்றேன். "வண்டியை எடு."

அவள் உடனே எழவில்லை. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் பிறகு எழுந்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்து நான் முன் கதவைத் திறந்தேன்.

"பின்னாடி," என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் நான் என் சொந்த வண்டியில் பின் இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. மேனேஜர் முன் இருக்கையில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு பெல்ட்டும் போட்டுவிட்டாள். கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதித்துச் சோதித்துப் பார்த்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. மூன்றையும் அலட்டிக்கொள்ளாமல் ஏறினாள். நான் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்க்கப் போனேன். "சாய்ஞ்சு உட்காருங்க," என்றாள், கண்ணாடியில் பார்த்தபடி. சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரி சின்னது, ஓட்டுக் கூரை போட்டது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நானும் மேனேஜரும் வாசலில் காத்திருந்தோம். ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் எங்கள் முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கெட்டுப்போகவில்லை, தைரியமாக இறங்கலாம் என்றார். என் காலுறையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, நல்ல மனிதர். முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். நடையிலேயே தெரிந்தது.

"லேப் எப்படி?" என்றேன்.

"ஜன்னல் பெருசு. மைக்ராஸ்கோப் புதுசு. உதவிக்கு ரெண்டு பேர்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ரிப்போர்ட்ல கையெழுத்து நான்தான்."

"திங்கட்கிழமையா?"

"திங்கட்கிழமை."

"ரொம்ப சந்தோஷம்," என்றேன். இந்தத் தடவை அது நிஜமாகவே சந்தோஷம்தான். பின் கதவைத் திறந்துகொண்டு ஏறப் போனேன்.

"அங்க எங்க போறீங்க? முன்னாடி வாங்க," என்றாள். மேனேஜரைப் பின்னால் ஏற்றினாள்.

"அந்தப் பெடல் இருக்கே."

"இருக்கட்டும். மிதிக்கணும்போல இருந்தா வாயால சொல்லுங்க."

காலைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவு கண்ணில் பட்டதும் என் கால் அசைந்தது.

"பயமா இருக்கு," என்றேன்.

"ஏன், வேகமா போறேனா?"

"இல்லை. நல்லாத்தான் ஓட்டறே."

"வளைவா?"

"வளைவு இல்லை. திங்கட்கிழமை."

அவள் ஹாரன் அடித்தாள், கியரைக் குறைத்தாள், கீழிருந்து வந்த ஒரு காருக்கு வழிவிட்டு நின்றாள், பிறகு வளைவை முழுசாகத் திருப்பி வண்டியை நேராக்கினாள்.

"எனக்குந்தாங்க," என்றாள்.